பிள்ளைகளுக்கு மட்டும் பாடமா? குடும்பமாய்க் குணத்தில் வளர்வது: வாசகர் கேள்வி – பதில்

லிந்துலை, மஸ்கெலியா, தலவாக்கலை, ஹட்டன், பண்டாரவளை, பதுளை என்று இலங்கை மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும், ஒன்று குவைத்திலிருந்தும் வந்த கடிதங்களை இந்தத் தடவை சேர்த்து எடுத்திருக்கிறோம். பெரும்பாலானவை "பிள்ளைகளை எப்படித் திருத்துவது?" என்றுதான் தொடங்குகின்றன. எங்கள் பதில்களோ பல இடங்களில் பெற்றோர் பக்கமே திரும்பும். ஒரு காம்பராவும் ஒரு குசினியுமாக இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் அப்பா, அம்மா பேசுவதும் ஏசுவதும் பிள்ளையின் காதில் விழாமல் போவதில்லை. அதனால் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை விட்டிருக்கிறோம்.

நான் கொழுந்து பறிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் கடையொன்றில் வேலை. மாதத்தில் ஒரு தரம் வருவார். 12, 9, 5 வயதில் மூன்று பிள்ளைகள். குடும்ப ஜெபத்தை மூன்று தடவை ஆரம்பித்தோம். மூன்றாம் கிழமைக்கு மேல் நிலைக்கவில்லை. அரை மணித்தியாலமாவது வேண்டும் என்கிறார்கள். எனக்கு உடம்பு ஒத்துழைப்பதில்லை. (ஒரு தாய், லிந்துலை)

அரை மணித்தியாலத்தை விட்டுவிடுங்கள், சகோதரி. விடிய முன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, நாள் முழுக்கக் கூடையோடு மலையில் நின்றுவிட்டு வருகிற உங்களுக்கு 12 நிமிடம் போதும். அதைக் கிழமைக்கு ஐந்து நாள் செய்யுங்கள்.

முதலில் நேரம். "ஏழு மணிக்கு ஜெபம்" என்று கடிகாரத்தில் கட்டினால் ஏழு மணிக்கு அடுப்பில் ஏதாவது கொதிக்கும். தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு கட்டுங்கள்: சோறு வடித்து மூடிய பிறகு, சாப்பிட உட்கார முன். சாப்பிட்ட பிறகு என்று வைத்தால் ஐந்து வயதுப் பிள்ளை தூங்கிவிடும், உங்கள் முதுகும் பாயைத் தேடும்.

அந்த 12 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். ஒரு நிமிடம் பாட்டு, அதுவும் ஒரே ஒரு சரணம். நான்கு நிமிடம் வாசிப்பு, ஏறக்குறைய பத்து வசனம். பெரிய பிள்ளை எட்டு வசனம் வாசிக்கட்டும், ஒன்பது வயதுப் பிள்ளை கடைசி இரண்டையும் வாசிக்கட்டும். அடுத்த நான்கு நிமிடத்தில் இரண்டே கேள்வி: "இதுல யார் என்ன செஞ்சாங்க?", "நாளைக்கு நம்ம வீட்டுல இத எங்க செய்யலாம்?" கடைசி மூன்று நிமிடத்தில் ஆளுக்கு ஒரு நன்றி, இன்னொருவருக்காக ஒரு விண்ணப்பம், ஒவ்வொரு வாக்கியம். மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். சம்பவங்கள் வேகமாக நகர்வதால் சின்னப் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கும். 16 அதிகாரத்தையும் இந்த அளவில் வாசிக்க மூன்று மாதத்துக்குச் சற்று மேல் ஆகும்.

மூன்றாம் கிழமையில் ஏன் உடைகிறது? பெரும்பாலும், எல்லாவற்றையும் அம்மா ஒருவரே இழுப்பதால். பைபிளை எடுத்து வைப்பது ஒரு பிள்ளை, பாட்டைத் தெரிவு செய்வது இன்னொன்று, ஐந்து வயதுக்காரருக்குப் பாய் விரிக்கிற வேலை. இந்தப் பொறுப்புகளைக் கிழமைக்கொரு தடவை மாற்றுங்கள். இரண்டாவது, தவறவிட்ட நாளின் குற்ற உணர்வு. விட்ட நாளை அடுத்த நாள் சேர்த்துப் பிடிக்கப் போகாதீர்கள். விட்டது விட்டதுதான். அடுத்தடுத்து இரண்டு நாள் மட்டும் விடாமல் பாருங்கள். மூன்றாவது, ஜெபத்துக்குள் ஏச்சு. "ஆண்டவரே, இந்தப் புள்ள சொல் கேக்க மாட்டேங்குது, நீர்தான் திருத்தணும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், பிள்ளைக்கு அது தேவனிடம் போகிற விண்ணப்பமாகக் கேட்காது. தன்னைப் பிடித்துக் கொடுத்ததாகவே கேட்கும். பிள்ளையின் பிழையைப் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். ஜெப நேரத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

கொழுந்து அதிகமாய் வருகிற மாதங்களில் நீங்கள் இருட்டித்தான் வருவீர்கள். அப்போது நான்கு நிமிடமாகக் குறையுங்கள்: 23ஆம் சங்கீதத்தின் ஆறு வசனங்களைப் பார்க்காமல் சேர்ந்து சொல்லி, ஆளுக்கு ஒரு வாக்கியம். கணவர் புதன், சனி இரவில் போனில் வாசிக்கட்டும். வாசிக்கும் பகுதி முன்கூட்டியே தெரிந்தால் கடையில் ஓய்வு கிடைக்கும்போது ஒரு தடவை பார்த்து வைப்பார்.

இன்னொன்று. உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருப்பதை மட்டும் சொல்லவில்லை. வழியில் நடப்பது, படுப்பது, எழும்புவது என்று இன்னும் மூன்று சொல்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த "வழி" தினமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஏறி இறங்குகிற நடையில் நீங்கள் பேசுவதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆவியின் கனி ஒன்பதையும் (அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம்) அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, நல்ல நடத்தைக்கு நட்சத்திரம் போட்டு வந்தோம். இரண்டு மாதத்தில் பிள்ளைகள் நட்சத்திரத்துக்காகச் சண்டை. மூத்தவன் தானே ஒட்டிக்கொண்டதையும் பிடித்தோம். எங்கே பிழைத்தோம்? (ஒரு தகப்பன், பண்டாரவளை)

அட்டையில் அப்பா பெயரும் அம்மா பெயரும் இருந்தனவா? இல்லையென்றால் பிழை அங்கேதான். பெரியவர்கள் புள்ளி போடுபவர்களாகவும் சின்னவர்கள் புள்ளி வாங்குபவர்களாகவும் இருந்தால், பிள்ளை கற்பது புள்ளி வாங்கும் வழியை மட்டுமே. நட்சத்திரத்தைத் தானே ஒட்டிக்கொண்ட மகனும் அதைத்தான் கற்றிருக்கிறான். அவனை அதிகம் கடியாதீர்கள்.

கலாத்தியர் 5:22–23ஐ இன்னொரு தடவை பாருங்கள். "கனிகள்" என்று இல்லை, "கனி" என்று ஒருமையில் இருக்கிறது. மூல கிரேக்கத்திலும் ஒருமைதான். ஒன்பதும் ஒரே உயிரின் ஒன்பது முகம். சாந்தத்தில் 8, சமாதானத்தில் 3 என்று தனித்தனியாகப் புள்ளி போடுவதற்கு அந்த வசனம் இடம் தருவதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அட்டையைக் கழற்றிவிட்டு இப்படிச் செய்து பாருங்கள். நான்கு கிழமைக்கு ஒரு குணம். முதல் ஞாயிறு மாலை ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் ஒரு செயலைத் தெரிவு செய்து எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். மற்றவருக்கு இன்னது வேண்டும் என்று சொல்லக்கூடாது. அப்பா முதலில். செயலில் நேரமும் இடமும் இருக்க வேண்டும். "இனிமேல் பொறுமையாக இருப்பேன்" என்பது செயல் அல்ல. இச்சையடக்கத்துக்கு அப்பா: "ஏழு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் என் போன் அலுமாரிக்கு மேல." அம்மா: "பீலியடியில அடுத்த வீட்டுக் கத வந்தா, குடத்தத் தூக்கிட்டு வந்துருவேன்." மகன்: "தங்கச்சி பங்கு ரொட்டியக் கேக்காம எடுக்க மாட்டேன்." இவ்வளவு சிறியதாக இருந்தால்தான் செய்தோமா இல்லையா என்று தெரியும்.

அடுத்து வரும் ஞாயிறுகளில் பத்து நிமிடம். தன் செயல் எத்தனை நாள் நடந்தது, எங்கே விழுந்தேன் என்று அவரவர் சொல்லட்டும். பிறகு, மற்ற ஒருவரிடம் அந்தக் கிழமை கண்ட ஒரு நல்லதை ஒவ்வொருவரும் சொல்லட்டும். பரிசு கிடையாது, தண்டனையும் கிடையாது. "அன்னைக்கு நீ கத்தினியே" என்று யாராவது இன்னொருவரின் விழுகையை எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பத்து நிமிடம் விசாரணையாக மாறினால் அடுத்த கிழமை பிள்ளைகள் பொய் சொல்வார்கள், பெரியவர்கள் வேலை இருக்கிறது என்பார்கள். ஒன்பது குணத்துக்கும் 36 கிழமை. பண்டிகைகளையும் பரீட்சைகளையும் விட்டால் ஒரு வருடம் சரியாகப் போகும்.

பத்து வயது மகன் பாடசாலைப் புத்தகங்களை மழையில் நனைத்துவிட்டான். வேலை முடிந்து வந்த அலுப்பில் பெல்ட்டால் அடித்துவிட்டேன். அன்றிரவே மனம் குத்தியது. தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று என் அப்பா சொல்கிறார். கேட்க வேண்டுமா? (ஒரு தகப்பன், மஸ்கெலியா)

கேட்க வேண்டும், தம்பி. இந்த இதழில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுத முடியும் என்றால் உங்களுடையதைத்தான் எடுத்திருப்போம்.

முதலில் பிள்ளையின் உடம்பைப் பாருங்கள். தோல் கிழிந்திருந்தாலோ, வீக்கம் இருந்தாலோ, கண், காது, தலைப் பக்கம் பட்டிருந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "விழுந்துட்டான்" என்று சொல்லப் பிள்ளையைப் பழக்கினால், செய்த பிழைக்கு மேல் இன்னொரு பிழை.

மன்னிப்பு கேட்பதில் நான்கு பகுதி இருக்கிறது. செய்ததைப் பெயர் சொல்லி ஒத்துக்கொள்வது. அது அவனுக்கு என்ன செய்தது என்று சொல்வது. கேட்பது. இனி என்ன செய்வீர்கள் என்று சொல்வது. இப்படி இருக்கலாம்: "மகன், நேத்து நான் ஒன்ன பெல்ட்டால அடிச்சேன். அது பிழை. ஒனக்கு வலிச்சிருக்கும், பயந்தும் இருப்ப. என்ன மன்னிப்பியா? இனி பெல்ட்ட கையில எடுக்க மாட்டேன்." இதில் "ஆனா" என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது. "ஆனா நீயும் புத்தகத்த நனைச்சதாலதானே" என்று சேர்த்தால், கேட்டது மன்னிப்பு இல்லை, இரண்டாவது ஏச்சு.

அவன் உயரத்துக்கு உட்கார்ந்து சொல்லுங்கள். தம்பி, தங்கை முன்னால் அடித்திருந்தால் அவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள். உடனே "சரிப்பா" என்று சொல்ல வேண்டும் என்று நெருக்காதீர்கள். இரண்டு, மூன்று நாள் ஒதுங்கி இருந்தாலும் விட்டுவிடுங்கள். டொபி வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பதும் வேண்டாம். நாளையும் கடத்தக்கூடாது. எபேசியர் 4:26 எரிச்சல் தணியச் சூரிய அஸ்தமனம் வரை நேரம் தருகிறது. நம் நாட்டில் வருடம் முழுக்க அது மாலை ஆறு மணியை ஒட்டித்தான். நீங்கள் வேலை முடிந்து வீட்டுப்படி ஏறுகிற நேரமும் அதுவே.

அதனால் அந்த நேரத்துக்கு ஒரு ஒழுங்கு வையுங்கள். வந்ததும் முகம் கழுவி, ஒரு பிளேன்டீ குடித்து, பத்து நிமிடம் இஸ்தோப்பில் இருங்கள். அதுவரை புத்தகம், புள்ளி, புகார் ஒன்றையும் பார்ப்பதில்லை. இதை மனைவியிடமும் சொல்லி வையுங்கள். வாசலிலேயே "இவன் செஞ்சதப் பாருங்க" என்று தொடங்காமல் அவரும் உதவட்டும். பசியும் அலுப்பும் இருக்கிற முதல் பத்து நிமிடத்தில்தான் கை ஓங்குகிறது.

அப்படியென்றால் கண்டிப்பு வேண்டாமா? வேண்டும். எபேசியர் 6:4 "கர்த்தருக்கேற்ற சிட்சை" என்றே சொல்கிறது. அதே வசனம் கோபப்படுத்தாமல் வளர்க்கச் சொல்கிறது. பிள்ளைகள் திடனற்றுப்போகக் கூடாது என்று கொலோசெயர் 3:21 காரணத்தையும் தருகிறது. கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வேரில் மாச்சத்துச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் தேயிலையை வெட்டுவார்கள். சேமிப்பு இல்லாத தூரை வெட்டினால் துளிர்க்காமல் பட்டுப்போகும். வெட்டு ஒன்றுதான், வேரில் இருப்பதுதான் வேறு. உங்கள் மகனோடு சிரித்துப் பேசிய நேரம் இந்தக் கிழமை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். கண்டிப்பு, அவன் செய்த செயலோடும் பொருந்த வேண்டும்: நனைந்த புத்தகங்களை அடுப்பு மேல் விரித்துக் காய வைப்பது அவன் வேலை. எழுத்து அழிந்த பக்கங்களைக் கூட்டாளியிடம் வாங்கி நாளுக்கு இரண்டு பக்கம் வீதம் திருப்பி எழுதட்டும். புத்தகப் பைக்குள் வைக்க ஒரு தடித்த பொலித்தீன் பையைக் கொடுங்கள், அது உங்கள் வேலை.

உங்கள் அப்பாவோடு வாதாட வேண்டாம். "நீங்க எங்கள வளத்தது எனக்குத் தெரியும்பா. இத நான் வேற மாதிரி செஞ்சு பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். ஒவ்வொரு கிழமையும் அடித்து, ஒவ்வொரு கிழமையும் மன்னிப்புக் கேட்டால் அந்தச் சொல் செல்லாத காசாகிவிடும். இன்னொரு தடவை கை ஓங்கினால், வீட்டுக்குள் முடித்துக்கொள்ளாமல் உங்கள் போதகரிடமோ ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவிலோ உதவி கேளுங்கள்.

11 வயது மகள் என் பேர்ஸிலிருந்து 200 ரூபா எடுத்துவிட்டு, எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். டொபிக் கடைக்காரர் சொல்லித்தான் உறுதியானது. அடிக்க மனம் வரவில்லை, விடவும் முடியவில்லை. (ஒரு தாய், தலவாக்கலை)

பதில் தெரிந்த கேள்வியைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். "நீ எடுத்தியா?" என்று கேட்டுப் பார்ப்பது, பயந்த பிள்ளைக்குப் பொய்யின் கதவை நாமே திறந்து விடுவது. "நீ 200 ரூபா எடுத்தது எனக்குத் தெரியும். கடையில செலவழிச்சதும் தெரியும். ஏன்னு கேக்கணும், உக்காரு" என்று தொடங்குங்கள். தனியாக, குரலை உயர்த்தாமல். எல்லோர் முன்னாலும் "கள்ளி" என்று அழைத்தால் அந்தப் பெயர் அவளோடு வளரும்.

காரணம் முக்கியம். ஆசைக்கு எடுத்தாளா, கூட்டாளிகளுக்கு வாங்கிக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ள எடுத்தாளா, பெரிய பிள்ளை யாராவது மிரட்டிக் கேட்கிறார்களா? மூன்றாவது என்றால் முதலில் பாதுகாப்பு, கண்டிப்பு பிறகு. வகுப்பாசிரியரை நேரில் போய்ப் பாருங்கள்.

ஆசைக்கு என்றால் எண்ணாகமம் 5:6–7இன் ஒழுங்கு ஒரு பதினொரு வயதுக்கும் விளங்கும்: பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலைத் திருப்ப வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். 200க்கு ஐந்தில் ஒரு பங்கு 40. ஆக 240 ரூபா. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக)க் கொடுத்தது அவனே மனம் உவந்து சொன்னது, அதைப் பிள்ளையின் மேல் ஏற்றாதீர்கள். பணம் அவளிடம் இருக்காது என்பதால் வேலையாகக் கணக்கிடுங்கள். அவளுடைய வழக்கமான வேலைகளுக்கு மேல், வீட்டுத் தோட்டத்தில் ஒரு பாத்தி கொத்துவது, விறகு அடுக்குவது போல ஏதாவது, தடவைக்கு 40 ரூபா என்றால் ஆறு தடவை. இரண்டு கிழமைக்குள் முடிய வேண்டும். மாதக்கணக்கில் இழுத்தால் அது கடன்காரர் வீட்டு உணர்வு. ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். ஆறாவது கோடு போட்டதும் அந்தக் கடதாசியை அவள் கையாலேயே அடுப்பில் போடச் சொல்லுங்கள். அதன் பிறகு எந்தச் சண்டையிலும் அந்த 200 ரூபாவை எடுக்கக்கூடாது. அப்பாயி, சித்தி யாருக்கும் சொல்லவும் கூடாது. பேர்ஸைப் பூட்டி வைக்காதீர்கள். அடுத்த மாதமே சாமான் வாங்கப் பணம் கொடுத்து அனுப்பி, மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள்.

அதே கிழமையில் உங்கள் வீட்டிலும் ஒன்றைப் பாருங்கள். கடன் கேட்டு யாராவது வாசலுக்கு வந்தால் "அம்மா வீட்டுல இல்லன்னு சொல்லு" என்று அவளை அனுப்பியது உண்டா? உண்டு என்றால் அதையும் அவளிடமே ஒத்துக்கொள்ளுங்கள்.

குவைத்தில் வீட்டு வேலை செய்கிறேன். பிள்ளைகள் இருவரும் (13, 8) என் அம்மாவோடு தோட்டத்தில். போனில் எப்போதும் புத்திமதிதான் சொல்கிறேன், பிள்ளைகள் "ம்... ம்..." என்று வைத்துவிடுகிறார்கள். இங்கிருந்து நான் எதை வளர்க்க முடியும்?

நேரக் கணக்கை முதலில் பாருங்கள். குவைத் நம் நாட்டைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். இங்கே இரவு எட்டு மணி ஜெபம் என்றால் அங்கே மாலை ஐந்தரை, உங்களுக்குக் குசினி வேலை குவிகிற நேரம். அதனால் நேரடி அழைப்பைக் கிழமைக்கு ஒன்று, இரண்டாக வைத்து, மற்ற நாட்களில் குரல் பதிவு அனுப்புங்கள். நீங்கள் இரவு படுக்க முன் பேசி அனுப்பினால் பிள்ளைகள் காலையில் எழும்பிக் கேட்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் மூன்று விடயம்: நேற்று அவர்கள் சொன்னதில் ஒன்றை ஞாபகமாகக் கேட்பது ("கணக்குப் பரீட்ச எப்படிப் போச்சு?"), உங்கள் நாளில் நடந்த ஒன்று, ஒரு ஆசீர்வாதம். புத்திமதி கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

உங்கள் அம்மாவின் கையைப் பலப்படுத்துங்கள். அம்மாயியைப் பற்றிப் பிள்ளை முறையிட்டால் போனிலேயே தீர்ப்புச் சொல்லாமல், "அம்மாயிகிட்ட பேசிட்டு சொல்றேன்" என்று வையுங்கள். அம்மாவோடு தனியாகப் பேசி இருவரும் ஒரே முடிவுக்கு வந்த பிறகு அம்மாவே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். தூரத்தில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொடுத்தால் கூட இருப்பவரின் சொல் எடுபடாது. பார்சலையும் நல்ல நடத்தையையும் முடிச்சுப் போடாதீர்கள். "ஒழுங்கா இருந்தா போன் அனுப்புவேன்" என்றால் ஒழுங்குக்கு விலை வந்துவிடுகிறது.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "ஒனக்குப் பயமா ஏதாவது நடந்தா, வீட்டுக்கு வெளிய யார்கிட்ட சொல்லுவ?" ஒரு பெயர் வர வேண்டும். ஓர் ஆசிரியர், சபையில் ஒரு அக்கா, யாராவது. இல்லை என்றால் இந்தக் கிழமையே ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இலக்கத்தை இருவரும் மனப்பாடம் செய்யட்டும்.

திரும்பி வந்த முதல் மாதங்களில் பிள்ளைகள் எதற்கும் அம்மாயியிடமே ஓடுவார்கள். மனம் நோகும். பறிக்கப் போகாதீர்கள். அம்மாயியோடு சேர்ந்து அந்த வீட்டின் ஒழுங்குக்குள் நீங்கள்தான் மெதுவாக நுழைய வேண்டும்.

கணவர் சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து கத்துவார், சில நேரம் கை நீட்டுவார். ஞாயிறு காலை வேட்டி கட்டி முன் வரிசையில் இருப்பார். "அப்பா வேஷம் போடுறாரா?" என்று மகன் கேட்கிறான். (ஹட்டன்)

மகனிடம் பொய் சொல்லாதீர்கள், கணவரைத் தூற்றவும் வேண்டாம். "அப்பா குடிக்கிறது பிழை. அப்பாவுக்கும் அது தெரியும். அவருக்கு உதவி வேணும். நீ அதுக்குக் காரணம் இல்ல" என்று இந்த நான்கையும் சொல்லுங்கள். கடைசியைத்தான் பிள்ளைகள் அதிகம் கேட்க வேண்டும்.

குடித்திருக்கிற இரவில் எதையும் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். தெளிந்த நாளில், அவர் மதிக்கிற இரண்டு பேர் (போதகர், சபை மூப்பர், அண்ணன் முறையானவர்) முன்னிலையில் பேசுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: சம்பளத்தின் வீட்டுப் பங்கு அன்றே உங்கள் கைக்கு வருவது, சிகிச்சைக்குப் போவது. பல வருடம் தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் புத்தி தடுமாறலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. அதனால் "இன்றிலிருந்து ஒரு சொட்டும் இல்லை" என்று கோயிலில் வாக்குக் கொடுக்க வைப்பதற்கு முன் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

கை நீட்டுவதைத் தனியாகச் சொல்கிறோம். மன்னிக்க வேண்டும் என்ற போதனை அடிக்குக் கீழே இருக்கச் சொல்வதில்லை. எந்த வீட்டுக்கு ஓடுவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம் அந்த வீட்டில் இருக்கட்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸுக்குப் போவதால் விசுவாசம் குறைந்துவிடாது. "பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற சபை மூப்பர்களுக்கும் இந்தப் பதில் எழுதப்பட்டது.

கணவரும் மாமியாரும் இந்துக்கள். நானும் பிள்ளைகளும் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிறோம், அவர்கள் தடுப்பதில்லை. ஆனால் மகன் இப்போது அப்பாயி கும்பிடுவதைப் பார்த்துச் சிரிக்கிறான். (பதுளை)

சிரிப்பை இன்றே நிறுத்துங்கள். அதை விசுவாச வைராக்கியம் என்று யாராவது பாராட்டினாலும் ஏற்காதீர்கள். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்கிற கட்டளையில், விசுவாசிகளாக இருந்தால் மட்டும் என்று எழுதியிருக்கவில்லை. மகன் அப்பாயியிடம் போய் மன்னிப்புக் கேட்கட்டும். நீங்களும் கூடப் போங்கள்.

தீமோத்தேயுவின் வீடும் இப்படித்தான் இருந்தது. தகப்பன் கிரேக்கன் (அப்போஸ்தலர் 16:1). விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது (2 தீமோத்தேயு 1:5). அந்த வீட்டில் வளர்ந்தவனைத்தான் பவுல் கூட்டிக்கொண்டு போனார். விசுவாசியாத கணவருக்கு முன் போதனையைவிட நடக்கையே பேசும் என்று 1 பேதுரு 3:1 சொல்கிறது. ஆகவே மேலே சொன்ன ஞாயிறு மாலைப் பத்து நிமிடத்துக்குக் கணவரையும் மாமியாரையும் அழையுங்கள். பொறுமையும் உண்மையும் அவர்களுக்கும் வேண்டியவைதானே. ஜெபிக்கும்போது அவர்கள் எழும்பிப் போனால் போகட்டும். தீபாவளிப் பலகாரம், பொங்கல் போன்றவற்றில் சபைகளுக்குள் வெவ்வேறு கருத்து உண்டு. உங்கள் போதகரோடு பேசி நீங்கள் ஒரு முடிவெடுத்து, பண்டிகைக்கு ஒரு கிழமை முன்பே மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லி வையுங்கள். பலகாரத் தட்டு நீட்டிய பிறகு சொல்வதுதான் அவருக்கு அவமானம்.

"நீடிய பொறுமை", "இச்சையடக்கம்" போன்ற சொற்கள் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. வேறு மொழிபெயர்ப்பு பாவிக்கலாமா?

பாவிக்கலாம். மனப்பாடத்துக்குச் சபையில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பும், வீட்டு வாசிப்புக்கு இலகு தமிழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லை விளக்குவதற்குப் பிள்ளை தினமும் பார்க்கிற காட்சி ஒன்று வேண்டும். நீடிய பொறுமை: தண்ணீர் வரிசையில் முன்னால் நிற்கிற கிழவி குடத்தை மெதுவாகத் தூக்கும்போது முனகாமல் நிற்பது. சாந்தம்: திருப்பி அடிக்கப் பலம் இருந்தும் தம்பியை அடிக்காமல் இருப்பது. கலாத்தியர் பட்டியலில் வருகிற "விசுவாசம்" பெரும்பாலும் பிழையாக விளக்கப்படுகிறது. அங்கே அது நம்பத்தக்கவனாக இருப்பதைக் குறிக்கிறது: ஐந்து மணிக்குள் வருகிறேன் என்று சொல்லிப் போன பிள்ளை ஐந்து மணிக்குள் வருவது, சனிக்கிழமை கூட்டிப் போகிறேன் என்று சொன்ன அப்பா சனிக்கிழமை கூட்டிப் போவது.